பெரிய எஞ்சினும் இரண்டு படிக்கட்டும்

(ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்துக்குப் பிறகு நம் சங்கக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இவர் கோவையிலும் அந்தியூரிலும் முப்பது வருடங்களுக்கு மேல் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதையும் இங்கே தருகிறோம்.)



போன மாதம் இரவு பதினொன்றரை மணிக்கு நம் கேட்டுக்குள் ஒரு கார் வந்த சத்தத்தில் பாதி குடியிருப்பு எழுந்து உட்கார்ந்ததே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். அபராதம் போட வேண்டும் என்றார்கள், போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். செயலாளர் என்னிடம் வந்து, "நீங்க எஞ்சின் வேலை பார்த்தவர், பசங்ககிட்ட ஒரு கால் மணி நேரம் பேசுங்க" என்றார். திட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன். பெரிய எஞ்சின் மேல் எனக்கு இருந்த ஆசை அந்தத் தம்பிக்கு இருப்பதை விடக் குறைந்ததல்ல. அந்த ஆசை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன்.

குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவும் குதிரைச் சந்தையும் நம் எல்லோருக்கும் பழக்கம். சந்தையில் குதிரை வாங்க வருகிறவரை நின்று கவனித்திருக்கிறீர்களா? சுழி பார்ப்பார், பல் பிடித்துப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு ஏறி ஒரு ஓட்டம் விட்டு, கடிவாளத்தை இழுத்து நிறுத்திப் பார்ப்பார். நிற்காத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் விலை போகாது. நாம் இன்றைக்கும் எஞ்சினைக் குதிரைத்திறன் கணக்கில்தான் சொல்கிறோம். ஆனால் கார் வாங்கும்போது எத்தனை குதிரை என்று மட்டும் கேட்கிறோம், கடிவாளத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

பெரிய எஞ்சின் பைத்தியம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1921-ல் இங்கிலாந்தில் லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்று ஒரு பணக்கார இளைஞர் இருந்தார். முதல் உலகப்போர் முடிந்து விமான எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்த காலம். 23 லிட்டர் மேபேக் விமான எஞ்சின் ஒன்றை ஒரு மெர்சிடிஸ் காரின் சேஸில் ஏற்றி, புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டி ஜெயித்தார். அந்தக் காருக்கு 'சிட்டி பேங் பேங்' என்று பெயர். பிறகு வந்த குழந்தைகள் கதைக்கும் சினிமாவுக்கும் பெயர் கொடுத்தது அதுதான். 23 லிட்டர் என்றால் எவ்வளவு? நம் மாருதி 800-ன் எஞ்சின் 796 சி.சி. அதாவது ஒரு லிட்டர் கூட இல்லை. கிட்டத்தட்ட 29 மாருதி எஞ்சின்களை ஒரே பானெட்டுக்குள் வைத்த மாதிரி.

அவர் அதோடு நிற்கவில்லை. 27 லிட்டர் லிபர்ட்டி விமான எஞ்சின் வைத்து இன்னொரு கார் கட்டினார். 1924-ல் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் வேறொரு காரை ஓட்டும்போது மரத்தில் மோதி இறந்துபோனார். அந்த 27 லிட்டர் காரை பாரி தாமஸ் என்ற பொறியாளர் வாங்கி, மாற்றியமைத்து, 'பேப்ஸ்' என்று பெயர் வைத்தார். 1926-ல் வேல்ஸ் நாட்டின் பென்டைன் கடற்கரை மணலில் மணிக்கு சுமார் 275 கி.மீ. ஓட்டி உலக சாதனை செய்தார். அடுத்த வருடம் வேறொருவர் அதை முறியடித்ததும், திரும்பப் பிடிக்கப் போனார். 1927 மார்ச் 3 அன்று அதே மணலில், அதே காரில் உயிரை விட்டார். காரை அங்கேயே மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். 42 வருடம் கழித்து, 1969-ல் ஒருவர் தோண்டி எடுத்துச் சரி செய்தார். அது இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. கார் பிழைத்தது, ஆள் பிழைக்கவில்லை.

1970-களில் இங்கிலாந்தில் ஜான் டாட் என்பவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் இருந்த வகை 27 லிட்டர் மெர்லின் எஞ்சினைக் காரில் வைத்துச் சாதாரண ரோட்டிலேயே ஓட்டினார். 1997-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஆண்டி கிரீன் என்ற விமானி இரண்டு ஜெட் எஞ்சின் வைத்த காரில் மணிக்கு 1,228 கி.மீ. போனார். சத்தத்தின் வேகத்தையே தாண்டிய கார் அது.

ஏன் இவ்வளவு பெரிய எஞ்சின் தேவைப்படுகிறது? காற்றுதான் காரணம். வேகம் இரண்டு மடங்கானால் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அந்த விசையை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. 40 குதிரைத்திறனில் 120 கி.மீ. போகும் காரை அப்படியே 240 போகவைக்க 320 குதிரைத்திறன் வேண்டும். ஆகவே எஞ்சின்காரன் கணக்கு எப்போதும் பெரிதாகிக்கொண்டே போகும். எவ்வளவு போட்டாலும் போதாது.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருவோம். மெட்ராசுக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருடம் பந்தயம் நடத்தியது. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வாங்கி வந்து அங்கே ஓட்டிய பணக்காரர்கள் இருந்தார்கள். பெரிய எஞ்சின் யாரிடம் இருக்கிறதோ அவர் முன்னால் போவார். மற்றவர்கள் அம்பாசடரையும் ஃபியட்டையும் குடைந்து, வால்வை மாற்றி, கார்புரேட்டரை மாற்றிப் போராடுவார்கள்.

அதை மாற்றியவர் கோயமுத்தூர்க்காரர் எஸ். கரிவரதன். எல்லோருக்கும் அவர் 'கரி'. அவரும் வேகப் பிரியர்தான், ஓட்டுநர்தான். ஆனால் 1980-களின் கடைசியில் அவர் செய்த காரியம் நேர் எதிர்த்திசையில் இருந்தது. பெரிய எஞ்சினைத் தேடிப் போகாமல், எங்கும் கிடைக்கிற மாருதி 800 எஞ்சினை எடுத்தார். லேசான, ஒரே ஆள் உட்காரும் பந்தயக் கார் ஒன்றைக் கோவையில் கட்டினார். ஃபார்முலா மாருதி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். எல்லோர் கையிலும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரி கார். பணத்தை வைத்து ஜெயிப்பது குறைந்து, ஓட்டத் தெரிந்தவன் ஜெயிக்க ஆரம்பித்தான்.

அந்த ஃபார்முலா மாருதியில் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் தன் முதல் பந்தயத்தை ஓட்டிய கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 796 சி.சி.யில் ஆரம்பித்தவர் அங்கே போனார் என்பதை நம் தம்பிகள் மனதில் வைக்க வேண்டும்.

கரி 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2.1 கி.மீ. தடம். அங்கே போய்ப் பாருங்கள். எல்லாக் காரும் ஒரே திசையில்தான் ஓடும். எதிரே பஸ் வராது. குறுக்கே ஆடு வராது. வளைவில் கார் நழுவினால் இறங்கி நிற்க இடம் விட்டிருக்கும். ஓட்டுகிறவர் ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் போட்டிருப்பார். கொடி பிடித்து எச்சரிக்க ஆள் நிற்பார், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். பாலைவனத்தையும் கடற்கரையையும் தேடி அந்த வெள்ளைக்காரர்கள் போனதும் இதற்காகத்தான். வேகம் போகிறவனுக்கு ஆளில்லாத இடம் வேண்டும்.

இப்போது என் கதை.

1994. எனக்கு அப்போது சொந்தமாகச் சிறு பட்டறை. கூடப் படித்த நண்பன் ஒருவன் பிரீமியர் பத்மினி வைத்திருந்தான். 1089 சி.சி., 40 குதிரைத்திறன். "மாப்ள, இது மாட்டு வண்டி மாதிரி போகுதுடா, இதுக்கு ஒரு வழி பண்ணு" என்றான். அடிபட்ட கான்டசா ஒன்றிலிருந்து இசுசு 1800 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஒன்று கிடைத்தது. 85-க்கு மேல் குதிரைத்திறன். அந்த நாளில் நம் பக்கம் எஞ்சின் மாற்றுவது சர்வ சாதாரணம். பெட்ரோல் அம்பாசடருக்கு டீசல் எஞ்சின் போடாத பட்டறை உண்டா? நானும் மவுன்டிங் வெட்டி, வெல்டிங் வைத்து, ரேடியேட்டர் மாற்றி, மூன்று வாரத்தில் உட்கார வைத்தேன். ஸ்டார்ட் செய்தபோது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷம். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிரேக்கைத் தொடவில்லை. பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 40 குதிரைக்குச் செய்த கடிவாளம். "பிரேக் நல்லாத்தான் இருக்குது, பிறகு பார்த்துக்கலாம்" என்று நான்தான் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடிகாலை, பவானி ரோட்டில், புளிய மரங்களுக்கு நடுவே நேராகப் போகும் இடத்தில், பால் கேனோடு டி.வி.எஸ். 50-ல் ஒருவர் ரோட்டைக் கடந்தார். நண்பன் 130-ல் வந்துகொண்டிருந்தான். பிரேக்கை மிதித்தான். வேகம் குறைந்தது, வண்டி நிற்கவில்லை.

நண்பனுக்கு மணிக்கட்டு உடைந்தது. பால்காரருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். அவர் யார் மேலும் கோபப்படவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்: "காரு வெகுதூரத்துல வந்துச்சுங்க. தாண்டீறலாம்னுதானுங்க நெனச்சேன். எப்படி அதுக்குள்ள வந்துச்சுன்னே தெரியலீங்க."

அந்த வார்த்தையை நான் முப்பது வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 200 மீட்டர் தள்ளி ஒரு ஃபியட் வருகிறது. அந்த ரோட்டில் ஃபியட் 70-ல் வரும் என்பது அவருக்குத் தெரியும், இருபது வருடமாக அங்கே கடக்கிறவர். 70-ல் வந்தால் அவரிடம் வந்து சேர 10 விநாடி. தாராளமாகத் தாண்டலாம். 130-ல் வந்தால் ஐந்தரை விநாடி. அவர் கணக்கில் தப்பே இல்லை. வெளியே ஃபியட், உள்ளே வேறு எஞ்சின் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய பாதி நேரத்தைத் திருடியது நான் வைத்த எஞ்சின்.

வழக்கு நண்பன் மேல் போனது. எஞ்சினை யார் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பால்காரரிடமும் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. இத்தனை பேர் முன்னால் இன்றைக்குத்தான் முதல் தடவை சொல்கிறேன்.

(சிறிது நேரம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.)

போன வாரம் அந்தத் தம்பியின் காரைப் போய்ப் பார்த்தேன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். நல்ல பையன், எல்லாவற்றையும் திறந்து காட்டினார். எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து திறனைக் கூட்டியிருக்கிறார். சைலன்சர் மாற்றியிருக்கிறார். வேலை சுத்தமாக இருந்தது. "பிரேக்குக்கு என்ன பண்ணினீங்க தம்பி?" என்று கேட்டேன். "பிரேக் நல்லாத்தானுங்க அங்கிள் இருக்குது" என்றார். எனக்கு 1994 ஞாபகம் வந்துவிட்டது.

பிரேக் என்ன செய்கிறது? காரின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்கு. டிரம்மோ டிஸ்க்கோ, அது தாங்கும் சூட்டுக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் பிடிமானம் போய்விடும், பெடல் மட்டும் கீழே போகும். நல்ல டயர், காய்ந்த ரோடு, நல்ல பிரேக் எல்லாம் இருந்தாலும், 60-ல் மிதித்தால் நிற்க 20 மீட்டர் வேண்டும். 120-ல் 80 மீட்டருக்கு மேல். 180-ல் 180 மீட்டர். இது மிதித்த பிறகு போகும் தூரம். கண் பார்த்துக் கால் மிதிக்க ஆகும் ஒரு விநாடியில், 180-ல் போகும் கார் இன்னும் 50 மீட்டர் போயிருக்கும்.

நம் மாதிரி அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்கிறேன். மணிக்கு 60 கி.மீ.யில் சுவரில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது நம் மொட்டை மாடியிலிருந்து. 120-ல் மோதினால் 57 மீட்டர், கிட்டத்தட்ட 19 மாடி. 180-ல் 127 மீட்டர், 42 மாடி. கோயமுத்தூர் போகும்போது 120 தொட்டேன் என்று பெருமைப்படுகிறவர், 19-வது மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் நடந்தேன் என்றுதான் சொல்கிறார். அது அவர் உயிர், அவர் இஷ்டம் என்று விடவும் முடியாது. கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரியது, பெற்றோர் கவனிக்க வேண்டியது, 199ஏ பிரிவு. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், வண்டி கொடுத்த பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு இன்சூரன்ஸ்காரர் பணம் தர மறுக்கவும் வழி இருக்கிறது.

அபராதம் போடச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. அபராதம் போட்டால் சத்தம் நம் கேட்டுக்கு வெளியே போகும். பவானி ரோட்டுக்குத்தான் போகும். அங்கே இன்றைக்கும் யாராவது ஒருவர் விடிகாலையில் ரோட்டைக் கடந்துகொண்டிருக்கிறார். ஆகவே நான் கேட்பது வேறு.

முதலாவது, நம் வளாகத்துக்குள் 10 கி.மீ. வேகம். எல்லோருக்கும், ஸ்கூட்டர், டெலிவரி வண்டி, என்னுடைய பழைய காரும் சேர்த்து. 30-ல் வரும் கார் மோதினால் முதல் மாடி பால்கனியிலிருந்து விழுந்த அடி. 10-ல் வந்தால் சுமார் 40 சென்டிமீட்டர், இரண்டு படிக்கட்டிலிருந்து விழுந்த அடி. நம் குழந்தைகள் பந்துக்குப் பின்னால் ஓடும்போது கணக்குப் போடுவதில்லை. அவர்களுக்காக நாம் போட வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு ஞாயிறும் காலை 7 முதல் 9 வரை பி பிளாக் பார்க்கிங்கில் இருப்பேன். வண்டியைக் கொண்டுவாருங்கள். பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர் மூன்றையும் பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம், ஒரு டீ போதும். அந்தத் தம்பி எனக்கு உதவியாக இருக்கச் சம்மதித்திருக்கிறார். பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டவும், ரீமேப்பை எடுத்துவிடவும் அவரே முன்வந்தார். யாரும் வற்புறுத்தவில்லை.

மூன்றாவது, செட்டிபாளையத்தில் பந்தயம் நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, விருப்பமுள்ள பிள்ளைகளை வேன் வைத்துக் கூட்டிப்போகலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டரை மணி நேரப் பயணம். அங்கே முறையாகப் பயிற்சி எடுத்து, லைசென்ஸ் வாங்கி, ஹெல்மெட் மாட்டி ஓட்டுகிறவர்களை அவர்கள் பார்க்கட்டும். ஆசை இருக்கிற பிள்ளைக்கு அதற்கான இடத்தைக் காட்டுவது பெரியவர்கள் வேலை. 1994-ல் எனக்கும் என் நண்பனுக்கும் அப்படிக் காட்ட யாரும் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். தப்பு எங்களுடையதுதான். இந்தப் பிள்ளைகளுக்காவது காட்டிவிடலாமே என்றுதான் கேட்கிறேன்.

வேனில் 12 இடம். பெயர் கொடுக்கிறவர்கள் அலுவலக நோட்டில் எழுதுங்கள். முதல் பெயரை நான் எழுதிவிட்டேன். இரண்டாவதாகத் தம்பி எழுதியிருக்கிறார்.

வாங்க, பொங்கல் ஆறிப்போகும்.